கிராமமும் நகரமும் சேர்ந்து உணவு வங்கி நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

உணவு வங்கி என்றதும் பலருக்கு மனதில் வருவது நகரத்தில் ஒரு கிடங்கு, அதில் அடுக்கி வைத்த பெட்டிகள், வாசலில் பை ஏந்திய ஒரு வரிசை. அந்தப் படத்தில் கிராமம் வருவதே இல்லை. வந்தாலும் காய்கறி அனுப்பி வைக்கிற இடமாக மட்டும்தான் வரும். இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது அந்தப் படத்தை மாற்றுவதைப் பற்றித்தான். கிராமத்திலும் உபரி இருக்கிறது, பசியும் இருக்கிறது. நகரத்திலும் அதேதான். இரண்டு பக்கமும் கொடுக்கவும் வேண்டும், வாங்கவும் வேண்டும். ஒரு பக்கம் கொடுத்துக்கொண்டே, இன்னொரு பக்கம் வாங்கிக்கொண்டே இருந்தால் அந்த ஏற்பாடு நீடிக்காது.

உலக அளவில் பார்த்தால், ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2022-இல் வீடுகள், உணவகங்கள், கடைகள் மூன்றிலுமாக வீணான உணவு சுமார் 105 கோடி டன். அறுவடைக்கும் கடைக்கும் இடையில், அதாவது வயலோரத்திலும் வண்டியிலும் கிடங்கிலும், இன்னும் ஏறக்குறைய 13 சதவீதம் போய்விடுகிறது என்று ஐநா உணவு வேளாண்மை அமைப்பு சொல்கிறது. பற்றாக்குறை என்று சொல்ல முடியாத உலகம் இது. இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு, கெட்டுப்போவதற்குள், யார் கொண்டு போவது என்பதுதான் கேள்வி.

1967-இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்தில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் தொடங்கியதைத்தான் முதல் உணவு வங்கி என்று சொல்வார்கள். அவர் அதற்கு முன்பே, யாரும் பறிக்காமல் மரத்தில் கிடந்த பழங்களைக் கேட்டு வாங்கி, இலவசமாகச் சாப்பாடு போடும் இடங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தவர். கடைகள் தூக்கி எறிவதை வைத்துத் தன் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறேன் என்று ஒரு தாய் அவரிடம் சொன்னதும், பணம் போட்டு எடுக்கிற மாதிரி உணவையும் ஒரு இடத்தில் போட்டு எடுக்கலாமே என்று யோசித்தார். முதல் ஆண்டிலேயே 100 டன்னுக்கு மேல் கைமாறியது. தோட்டத்துப் பழமும் நகரத்துக் கடையின் மிச்சமும் ஆரம்பத்திலேயே சேர்ந்திருந்தன என்பதைக் கவனியுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதுங்கள்

உணவு சேகரிக்கக் கிளம்புவதற்கு முன் ஒரு நோட்டில் நான்கு பக்கம் ஒதுக்குங்கள். கிராமத்தில் உபரி, கிராமத்தில் பசி, நகரத்தில் உபரி, நகரத்தில் பசி. பெரும்பாலானவர்கள் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் நிரப்பிவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது பக்கத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

உணவு விளைகிற இடத்தில் பசி இருக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2022 நிலவரப்படி, உணவுக்கு உத்தரவாதம் இல்லாமல் மிதமாகவோ கடுமையாகவோ அவதிப்பட்ட பெரியவர்கள் உலக அளவில் கிராமப்புறங்களில் மூன்றில் ஒருவர், நகரங்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். கிராமத்தில்தான் அதிகம். நிலம் இல்லாத கூலித்தொழிலாளர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள், ஒரே பயிரை நம்பி விலை விழுந்ததும் கையில் காசு இல்லாமல் நிற்கிற சிறு விவசாயிகள். முந்தைய விளைச்சல் தீர்ந்து அடுத்த அறுவடை வருவதற்கு முந்தைய மாதங்கள் இவர்களுக்கு மிக மோசமானவை. அந்த மாதங்கள் எவை என்று ஊரில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது பின்னால் உதவும்.

உபரியின் குணமும் இரண்டு இடத்திலும் வேறு. வயலில் அது ஒரேயடியாக வரும். வெயில் ஏறி எல்லாம் ஒரே வாரத்தில் பழுத்துவிட்டது, வாங்குவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் மறுத்துவிட்டார், சந்தை விலை பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை, காய் கோணலாக இருக்கிறது, சிறுத்துவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் டன் கணக்கில் கிடைக்கும், இரண்டு மூன்று நாளில் முடிந்தும் போகும். நகரத்து உபரி அப்படி இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் ஆண்டு முழுவதும் வரும்: ரொட்டிக் கடையில் மிஞ்சியது, காலாவதித் தேதி நெருங்கிய டப்பாக்கள், பெட்டி நசுங்கியதால் விற்க முடியாத சரக்கு. இதோடு நகரத்தில் பணம் இருக்கிறது, குளிர்பதன அறை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கும் கைகள் இருக்கின்றன. கிராமத்தில் பச்சைக் காய்கறி, பயிர் பற்றிய அறிவு, இடம். ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கூட்டணி நடக்கும்.

படி 2: இரண்டு பக்கமும் ஒரு ஆள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கிராமத்தில் ஒரு ஒருங்கிணைப்பாளர், நகரத்தில் ஒரு ஒருங்கிணைப்பாளர். இருவருக்கும் போன் எடுக்கிற பழக்கம் இருக்க வேண்டும், யாரையும் கேட்காமல் "சரி, எடுத்துக்கொள்கிறோம்" அல்லது "இல்லை, இந்த முறை முடியாது" என்று சொல்கிற அதிகாரமும் இருக்க வேண்டும். குழுவில் பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறோம் என்றால் விவசாயி அன்று சாயங்காலமே டிராக்டரை விட்டு உழுதுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அடுத்த பயிருக்கு நிலம் வேண்டும்.

கிராமத்து ஆள் அந்த ஊர்க்காரராகவே இருக்கட்டும். உரக் கடை நடத்துபவர், விவசாயிகள் குழுவின் செயலாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பால் சேகரிக்கிறவர் என்று ஊரில் எல்லோரும் நம்புகிற ஒருவர். நகரத்திலிருந்து வந்து போகும் ஒருவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் விடியற்காலை வரும் அழைப்புக்கு அவரால் வயலில் போய் நிற்க முடியாது.

போனில் கேட்க வேண்டியது இவ்வளவுதான், ஒரு அட்டையில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளலாம்:

- என்ன பயிர், ஏறக்குறைய எத்தனை கிலோ
- பறித்தாகிவிட்டதா, இனிமேல்தான் பறிக்க வேண்டுமா
- கிரேட்டில் (காய் அடுக்கும் பெட்டியில்) இருக்கிறதா, சாக்கிலா, தரையில் குவியலாகவா
- கடைசியாக மருந்து அடித்தது எப்போது, என்ன மருந்து
- எந்த அளவு வண்டி வயல்வரை வரும்
- எத்தனை மணிக்குள் எடுத்தாக வேண்டும்

ஒரு போட்டோவும் அனுப்பச் சொல்லுங்கள். குவியலின் மேல்பகுதியை மட்டும் எடுக்காமல், கையை உள்ளே விட்டு அடியிலிருந்து நாலு காயை எடுத்து வைத்து ஒரு போட்டோ.

படி 3: விவசாயியிடம் எப்படிக் கேட்பது

இங்கே எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. விவசாயியிடம் தானம் கேட்டுப் போகாதீர்கள். விலை விழுந்ததால் பறிக்காமல் விட்ட காய் ஏற்கெனவே அவருக்கு நஷ்டம். அதைப் பறித்து, தரம் பிரித்து, கிரேட்டில் போட்டு, வண்டியில் ஏற்றிக் கொடுங்கள் என்றால் நஷ்டத்தின் மேல் இன்னும் செலவு செய்யச் சொல்கிறோம். பறிப்புக் கூலி, கிரேட், ஏற்றுக்கூலி, இந்த மூன்றையும் உணவு வங்கி கொடுக்க வேண்டும். காய் தானமாக வரட்டும், அதற்கு ஆகும் உழைப்பு தானமாக வேண்டாம். கடையில் வாங்குவதோடு ஒப்பிட்டால் ஒரு கிலோவுக்கு இது சிறு தொகைதான், ஆனால் அந்தத் தொகை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் விவசாயி இரண்டாவது முறை உங்களைக் கூப்பிடுவாரா என்பது முடிவாகும்.

முடிந்தால் இன்னும் ஒரு அடி மேலே போகலாம்: விலை கொடுத்தே வாங்குவது. பிரேசில் 2003-இல் கொண்டுவந்த உணவுக் கொள்முதல் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அரசு சிறு குடும்ப விவசாயிகளிடம் நேரடியாக விலைக்கு வாங்கி, அந்த உணவை உணவு வங்கிகளுக்கும் சமூக சமையற்கூடங்களுக்கும் அனுப்பியது. ஒரே பணம் கிராமத்தில் வருமானமாகவும் நகரத்தில் சாப்பாடாகவும் ஆனது. அரசு செய்யாத இடத்தில் சிறிய அளவில் நாமே செய்யலாம். நகரத்தில் ஒரு குடியிருப்போ ஒரு அலுவலகமோ விதைப்புக்கு முன்பே இத்தனை வரிசை எங்கள் கணக்கில் என்று முன்பணம் கொடுத்துவிட்டால், விவசாயிக்கும் நிச்சயம், உணவு வங்கிக்கும் எந்த வாரம் என்ன வரும் என்று தெரியும்.

பேசி முடித்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூலி யார் தருவது, கிரேட் எப்போது திரும்பி வரும், கொடுத்த பொருளை வெளியில் விற்க மாட்டோம், அனுமதி இல்லாமல் விவசாயியின் பெயரையோ வயலின் படத்தையோ போட மாட்டோம். இதில் கிரேட் விஷயம் சின்னது போலத் தோன்றும். திரும்பி வராத கிரேட்டால் முறிந்த உறவுகள் நிறைய, அதனால் ஒவ்வொன்றிலும் எண் எழுதிக் கணக்கு வையுங்கள்.

படி 4: நகரத்துக்காரர்கள் வயலுக்குப் போகும் நாள்

அறுவடை முடிந்த வயலில் மிஞ்சியதைப் பொறுக்குவது மிகப் பழைய பழக்கம். வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைகளுக்கு விடச் சொல்லும் விதி விவிலியத்திலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் இது உரிமையாகவே கருதப்பட்டுவந்து, 1788-இல் ஒரு வழக்கில் அப்படி ஒரு உரிமை சட்டப்படி கிடையாது என்று தீர்ப்பானது. ஆக, இன்று அது நில உரிமையாளரின் அனுமதியோடு மட்டும் நடக்கிற விஷயம். விருந்தினராகப் போகிறோம் என்ற நினைப்போடு போங்கள்.

நேரத்தை விவசாயி சொல்வார். பெரும்பாலும் விடியற்காலை, வெயிலுக்கு முன். விடுமுறை நாளுக்கு மாற்ற முடியுமா என்று கேட்காதீர்கள், பயிருக்கு விடுமுறை தெரியாது. குடிநீர், தொப்பி, கையுறை, கைகழுவ சோப்பும் தண்ணீரும், கழிப்பறைக்கு ஏற்பாடு, முதலுதவிப் பெட்டி எல்லாம் நகரத்துக் குழு கொண்டுபோக வேண்டும். எந்த வரிசையில் பறிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று விவசாயி நடந்து காட்டட்டும். மருந்து அடித்த பிறகு காத்திருக்க வேண்டிய நாள்கள் முடியாவிட்டால் அந்த வயலே வேண்டாம். பச்சையாகச் சாப்பிடும் எதையும் தரையில் விழுந்து கிடந்தால் எடுக்காதீர்கள். கால்நடை எச்சம் இருக்கும் பகுதியை முழுவதும் ஒதுக்கிவிடுங்கள். காயம்பட்ட காய் ஒரு கிரேட்டில் ஒன்று இருந்தாலும் அடுத்த நாள் சுற்றிலும் இருக்கிற பத்தைக் கெடுத்துவிடும், அதனால் பிரிப்பதை வயலிலேயே செய்யுங்கள்.

ஒன்று மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள். அந்த ஊரில் பறிப்பு வேலைக்குப் போகிறவர்களின் கூலியை இலவசத் தன்னார்வலர்கள் பறித்துவிடக் கூடாது. அனுபவமுள்ள ஒருவர் பறிக்கும் வேகத்தில் புதிதாக வருபவர் பாதிகூடப் பறிக்க மாட்டார், செடியையும் மிதிப்பார். உள்ளூர்த் தொழிலாளர்களுக்கு முழுக் கூலி கொடுத்துப் பறிக்கச் சொல்லுங்கள், நகரத்திலிருந்து வருகிறவர்கள் சுமக்கட்டும், பிரிக்கட்டும், எடைபோடட்டும், கிரேட்டை வண்டியில் அடுக்கட்டும். பசியைப் போக்கப் போன இடத்தில் ஒருவரின் ஒருநாள் வருமானத்தை எடுத்துவிட்டு வருவது எந்த வகையிலும் சரியில்லை. அதோடு, தன் ஊர் விளைச்சல் எங்கே போகிறது என்று அந்தத் தொழிலாளர்களுக்கும் தெரியும், அவர்களில் சிலருக்கே அந்த உணவு தேவையாகவும் இருக்கும். வண்டி கிளம்புவதற்கு முன் அந்த ஊருக்கான பங்கை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வயலுக்கு வர முடியாதவர்களுக்கு நகரத்திலேயே வேலை உண்டு. 1995-இல் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்தில் ஒரு எளிய இயக்கம் ஆரம்பித்தது: வீட்டுத் தோட்டத்தில் பசித்தவர்களுக்காகக் கூடுதலாக ஒரு வரிசை நடுங்கள் என்பதுதான் அதன் முழுத் திட்டமும். மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால்கூடக் கீரைக்கட்டு தேறும். அளவு குறைவுதான், ஆனால் விளைவிக்க என்ன பாடு என்று நகரத்துக்காரருக்குப் புரிய அதைவிட நல்ல வழி இல்லை.

படி 5: வண்டி, குளிர், கிடங்கு

பறித்த காய் வயலின் சூட்டோடு வருகிறது. அந்தச் சூட்டை எவ்வளவு சீக்கிரம் இறக்குகிறோமோ அவ்வளவு நாள் அது தாங்கும். குளிர்பதன வண்டி இல்லையென்றால் நிழலில் வையுங்கள், ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள், இரவிலோ அதிகாலையிலோ வண்டியை ஓட்டுங்கள். இதுவே பாதி வேலையைச் செய்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே குளிர் அறையில் தள்ளிவிடாதீர்கள். கீரை, முட்டைகோஸ், கேரட் போன்றவை உறைநிலைக்கு சற்று மேலே, 0 முதல் 4 டிகிரிக்குள் நன்றாக இருக்கும். தக்காளி, வாழைப்பழம், வெள்ளரி ஆகியவற்றை அந்தக் குளிரில் வைத்தால் கெடும். தக்காளிக்கும் வெள்ளரிக்கும் 10 முதல் 13 டிகிரி வரை போதும், வாழைப்பழத்துக்கு 13 டிகிரிக்குக் குறையக் கூடாது. உருளைக்கிழங்கு இருட்டில், குளுமையான இடத்தில். வெளிச்சம் பட்டால் பச்சையாகி நச்சு ஏறும். வெங்காயத்துக்குக் காற்றோட்டமும் உலர்ந்த இடமும் வேண்டும். ஆப்பிள், வாழை, பழுத்த தக்காளி எல்லாம் எத்திலீன் என்ற வாயுவை விடும், அது பக்கத்தில் இருக்கிற கீரையை மஞ்சளாக்கும், கேரட்டைக் கசக்க வைக்கும். எனவே பழத்தையும் கீரையையும் பிரித்து வையுங்கள். உறைந்த உணவு என்றால் மைனஸ் 18 டிகிரி.

நகரத்திலிருந்து சமைத்த உணவு வாங்குவதாக இருந்தால் அது தனி உலகம். 5 டிகிரிக்குக் கீழே அல்லது 60 டிகிரிக்கு மேலே, நடுவில் இருக்கும் நேரம் எல்லாம் கிருமி வளரும் நேரம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்ததை வாங்க வேண்டாம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் சமைத்த உணவை முதல் ஆண்டில் தொடாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். அதைத் தூரக் கிராமங்களுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள், நகரத்துக்குள்ளேயே அன்றே முடிந்துவிடட்டும்.

வண்டியைப் பற்றி முக்கியமான ஒன்று. கிராமத்திலிருந்து சந்தைக்குச் சரக்கு ஏற்றி வரும் வண்டிகள் பல நேரம் காலியாகத் திரும்புகின்றன. அந்தக் காலி வண்டிதான் உங்கள் சொத்து. ஓட்டுநரிடமும் உரிமையாளரிடமும் பேசி, டீசலில் ஒரு பங்கு கொடுத்து, திரும்பும்போது நகரத்து உணவு வங்கியில் சேர்ந்த பருப்பு, மாவு, எண்ணெய், பால்பவுடர், சோப்பு, குழந்தைகளுக்கான பொருள்களை ஏற்றி அனுப்புங்கள். வரும்போது காய், போகும்போது மளிகை. கிராமத்தில் கிடைக்காதது காய் இல்லை, காசு கொடுத்து வாங்க வேண்டிய இவைதான்.

படி 6: பங்கிடுவது

டன் கணக்கில் வருவதைப் பார்த்து மலைக்காதீர்கள், முன்கூட்டியே வகுத்துப் பாருங்கள். இரண்டு டன் காய் வருகிறது, ஒரு குடும்பத்துக்கு நாலு கிலோ என்றால் 500 குடும்பம். ஒரு விநியோக இடத்துக்கு 50 குடும்பம் வரும் என்றால் பத்து இடம் வேண்டும். உங்களிடம் நாலு இடம்தான் இருக்கிறது என்றால், ஒரு டன்னுக்கும் குறைவாகத்தான் "சரி" சொல்ல வேண்டும், அல்லது பக்கத்து நகரத்து உணவு வங்கியை அப்போதே கூப்பிட வேண்டும். எடுத்துக்கொண்டு வந்து உங்கள் கிடங்கில் அழுகினால் குப்பை இடம் மாறியதுதான் மிச்சம். சீக்கிரம் கெடும் பொருளைக் கிடங்குக்கே கொண்டுவராமல் வயலிலிருந்து நேராக விநியோக இடங்களுக்கு அனுப்பும் பழக்கத்தை முதலிலிருந்தே வையுங்கள்.

யாருக்கு எது என்று யார் முடிவு செய்வது? அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான உணவு வங்கிகளை இணைக்கும் பெரிய அமைப்பு ஒன்று பல ஆண்டுகள் முறை வைத்து, உன் முறை வந்தது, இந்தா இந்தச் சரக்கு என்று அனுப்பிக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்கு விளையும் மாநிலத்துக்கே உருளைக்கிழங்கு போய்ச் சேரும் நிலை அதனால் வந்தது. 2005-இல் அதை மாற்றினார்கள். ஒவ்வொரு உணவு வங்கிக்கும் அதன் பகுதியின் தேவைக்கு ஏற்பப் பங்குப் புள்ளிகள் கொடுத்து, வேண்டியதற்கு அவற்றைச் செலவழித்து ஏலம் கேட்கச் சொன்னார்கள். காய் நிறைய வரும் ஊர்க்காரர்கள் காய்க்குப் புள்ளி செலவழிக்காமல் தங்களிடம் இல்லாததற்குச் சேர்த்து வைத்தார்கள். சிறிய வங்கிகளுக்குக் கடனும் கொடுத்தார்கள். உங்களுக்கு ஏலம் எல்லாம் தேவைப்படாது. ஒவ்வொரு இடமும் வாரம் ஒருமுறை "எங்களுக்கு இது வேண்டும், இது வேண்டாம்" என்று சொல்ல ஒரு வாட்ஸ்அப் குழு போதும். அனுப்புகிறவர் தீர்மானிக்காமல் வாங்குகிறவர் கேட்பது, அதுதான் விஷயம்.

குடும்பங்கள் விஷயத்திலும் அப்படித்தான். கட்டிய பையைக் கையில் கொடுப்பதைவிட மேசையில் பரப்பி வைத்து அவர்களே எடுக்கும்படி விட்டால், வேண்டாததைக் கொண்டுபோய் எறிவது குறையும், வருகிறவருக்கும் கடைக்கு வந்த மாதிரி இருக்கும்.

கிராமத்தில் கொடுப்பதற்கு வேறு மாதிரி யோசிக்க வேண்டும். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும், பேருந்து இருக்காது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதால் வரிசையில் நிற்கவே கூசுவார்கள். மாதத்தில் குறிப்பிட்ட நாளில் வண்டியே ஊருக்குப் போகட்டும். பள்ளி, மருத்துவ முகாம், சுய உதவிக் குழுக் கூட்டம் என்று மக்கள் வேறு வேலையாக வரும் இடத்தோடு சேர்த்துக் கொடுத்தால் யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள். நடக்க முடியாத முதியவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப்போக அனுமதியுங்கள். அடையாள அட்டை, வருமானச் சான்று என்று கேட்டுக் களைப்படைய வைக்க வேண்டாம். யாரையும் வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுக்காதீர்கள், நன்கொடையாளர் கேட்டாலும்.

படி 7: சட்டமும் பதிவேடும்

இது நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் பார்க்காமல் விடக்கூடாது. அமெரிக்காவில் 1996-இல் வந்த சட்டம் நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவரை வழக்கிலிருந்து காப்பாற்றுகிறது. பிரான்ஸ் 2016-இல் 400 சதுர மீட்டருக்கு மேலான சூப்பர் மார்க்கெட்டுகள் விற்காத உணவை அழிக்கக் கூடாது, தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்றது. இந்தியாவில் உபரி உணவை மீட்டு விநியோகிக்க 2019-இல் தனி ஒழுங்குமுறை விதிகள் வந்தன. கடைக்காரர்கள் கொடுக்கத் தயங்குவது பெரும்பாலும் "ஏதாவது ஆகிவிட்டால் நான் மாட்டிக்கொள்வேனே" என்ற பயத்தால். உங்கள் நாட்டு விதியை ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கையில் வைத்திருந்தால் அந்தப் பேச்சு சீக்கிரம் முடியும்.

தேதிகளில் இரண்டு வகை உண்டு. இந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்பது பாதுகாப்புக்கான தேதி, அது தாண்டினால் தொடக்கூடாது. இந்தத் தேதிவரை சிறப்பாக இருக்கும் என்பது சுவை, மொறுமொறுப்பு பற்றியது. தாண்டினால் உடனே விஷமாகிவிடாது, ஆனால் கொடுக்கலாமா என்பதை உங்கள் நாட்டு விதி சொல்லும். கிடங்கில் முதலில் காலாவதியாவது முதலில் வெளியே போகட்டும், முதலில் வந்தது அல்ல.

பதிவேட்டில் தேதி, யாரிடமிருந்து, என்ன, எத்தனை கிலோ, எந்த இடத்துக்குப் போனது. எங்காவது ஒரு சரக்கில் கோளாறு என்று செய்தி வந்தால் அன்றே எல்லா இடத்துக்கும் சொல்ல இது ஒன்றுதான் வழி.

படி 8: பணம்

உணவு இலவசமாக வந்தாலும் அதைக் கொண்டுவருவது இலவசம் இல்லை. டீசல், கூலி, கிரேட், மின்சாரம், ஒருங்கிணைப்பாளர்கள் இருவருக்கும் சம்பளம். ஆம், சம்பளம். விடியற்காலை போன் எடுக்கும் வேலையை ஒருவர் ஆண்டுக்கணக்கில் சும்மா செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

நகரத்துக்காரர்களிடம் பொருளாகக் கேட்பதைவிட மாதாமாதம் ஒரு சிறு தொகையாகக் கேளுங்கள். கடையில் சில்லறை விலைக்கு வாங்கி நன்கொடையாகத் தரும் ஒரு டப்பாவின் பணத்தில் மொத்த விலையில் அதைவிடக் கூடுதலாக வாங்கலாம், அல்லது வயலில் பல கிலோ காயைப் பறிக்கக் கூலி கொடுக்கலாம். அந்தக் கணக்கை அவர்களிடம் அப்படியே சொல்லிக் கேளுங்கள். இந்தப் பணத்தில் இந்த வயலில் இத்தனை கிலோ பறித்தோம், இத்தனை குடும்பத்துக்குப் போனது, இத்தனை பேர் கூலி வாங்கினார்கள் என்று மாதம் ஒரு பக்கம் அனுப்பினால் கொடுக்கிறவர்கள் விலகிப்போவது குறையும்.

படி 9: யார் முடிவெடுப்பது

நகரத்தில் பணமும் கிடங்கும் இருப்பதால் முடிவுகளும் தானாகவே நகரத்துக்கு வந்துவிடும், கவனமாக இருந்தால் ஒழிய. குழுவில் பாதி இடம் கிராமத்துக்கு, அதில் விவசாயி மட்டும் இல்லாமல் கூலித்தொழிலாளியும் இருக்கட்டும். இரண்டு ஊரிலிருந்தும் உணவு வாங்கும் குடும்பத்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். கூட்டத்தை ஒருமுறை அங்கே, ஒருமுறை இங்கே நடத்துங்கள், விதைப்பும் அறுவடையும் நடக்கும் வாரங்களில் வைக்காதீர்கள்.

சண்டை வரும். ஒருமுறை பாதி அழுகிய சரக்கு வந்து சேரும், கிடங்குக்காரர் கோபப்படுவார். இன்னொரு முறை வருகிறேன் என்று சொன்ன வண்டி வராது, பறித்த காய் வயலோரம் கிடக்கும், விவசாயி கோபப்படுவார். இரண்டுக்கும் முன்கூட்டியே விதி எழுதி வையுங்கள்: பிரித்தும் நாலில் ஒரு பங்குக்கு மேல் கெட்டிருந்தால் திருப்பிவிடலாம், வண்டி வராவிட்டால் கூலியை உணவு வங்கி எப்படியும் கொடுத்துவிட வேண்டும். அந்த "நாலில் ஒரு பங்கு" உங்கள் குழு பேசி முடிவு செய்வது. பெரிய கடைகளும் ஆலைகளும் அப்புறப்படுத்தும் செலவை மிச்சம் பிடிக்க, யாரும் சாப்பிட முடியாததை நன்கொடை என்று அனுப்புவதும் நடக்கும். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லப் பழகுங்கள். மனிதர் சாப்பிட முடியாததைக் கால்நடைக்கும் உரத்துக்கும் எடுத்துக்கொள்ள கிராமத்தில் யாராவது இருப்பார்கள், அந்தத் தொடர்பையும் வைத்திருங்கள்.

படி 10: ஆண்டு முழுவதும் ஓட்டுவது

படி 1-இல் குறித்து வைத்த, அறுவடைக்கு முந்தைய பசி மாதங்களை இப்போது எடுங்கள். ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதம் கட்டம் போட்டு, மேலே எந்த மாதம் என்ன விளையும், கீழே எந்த மாதம் எங்கே பசி கூடும் என்று எழுதுங்கள். காய் கொட்டும் மாதங்களில் வருவதில் ஒரு பகுதியை வெயிலில் உலர்த்தியோ, உறைய வைத்தோ, ஊறுகாயாகவோ கூழாகவோ ஆக்கியோ எடுத்து வைக்க வேண்டும். இதற்கு உரிமம் பெற்ற சமையலறை தேவை. பள்ளிக் கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ வேலையில்லாத நாள்களில் கேட்டுப் பாருங்கள், அந்த வேலையைக் கிராமத்துப் பெண்கள் குழுவுக்குக் கூலியோடு கொடுங்கள். பசி மாதங்களில் நகரத்திலிருந்து போகும் மளிகை வண்டிகளை இரட்டிப்பாக்குங்கள், அதற்கான பணத்தை முந்தைய மாதங்களிலேயே ஒதுக்கி வையுங்கள்.

தொடங்கும்போது சின்னதாகத் தொடங்குங்கள். ஒரு விவசாயி, சீக்கிரம் அழுகாத ஒரு பயிர் (பூசணி, முட்டைகோஸ், உருளைக்கிழங்கு மாதிரி), ஒரு வண்டி, நகரத்தில் மூன்று விநியோக இடம், கிராமத்தில் ஒன்று. முதல் வண்டி காயோடு வந்து இறங்கிய அன்றே, திரும்பும் வண்டியில் என்ன ஏற்றுவது என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் முதல் வண்டியை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.